ஏ பிரிவின் குமாஸ்தா, பி பிரிவின் குமாஸ்தா

போன வருஷம் அரைப்பரீட்சையில் பத்தாம் வகுப்புக்கு இனப்படுகொலை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. முதல் ஐந்து இடத்துக்குள் எப்போதும் வருகிற ஒரு பையன் தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ‘தீமைகள்’, மறு பக்கம் ‘நன்மைகள்’ என்று தலைப்புக் கொடுத்து எழுதியிருந்தான். தீமைகள் ஆறு. நன்மைகள் இரண்டு. நன்மைகளில் முதலாவது, ஊரில் நெரிசல் குறைந்தது.

சரித்திர டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அவனைக் கூப்பிட்டனுப்பினார். பையன் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அணைக்கட்டு, ரயில்பாதை, தொழிற்சாலை, எதைக் கேட்டாலும் நன்மை தீமை இரண்டும் எழுதினால்தான் முழு மதிப்பெண் என்று டீச்சர்தானே சொல்லிக்கொடுத்தார்கள் என்றான். சொல்லிக்கொடுத்தது உண்மைதான். டீச்சருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரமே தலைமையாசிரியையிடம் போய் நின்றார். இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் நடத்தினால் பிள்ளைகள் அணைக்கட்டு மாதிரிதான் எழுதுவார்கள், ஒரு நல்ல படத்தைப் போட்டுக் காட்ட வேண்டும், வாரத்துக்கு ஒரு பீரியட் வேண்டும் என்றார். தலைமையாசிரியை யாருக்கும் முடியாது என்று சொல்லமாட்டார், பார்க்கலாம் என்பார். ஒரு வருஷம் பார்த்தார். இந்த வருஷம் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். இரண்டு வாரம் படம் போடலாம், பிறகு ஒரு சின்னப் பரீட்சை. தாள்களை அவரே பார்ப்பார். தேறினால் பீரியட் சரித்திரத்துக்கு. இல்லாவிட்டால் கணக்கு சாருக்கு.

கணக்கு சார் அந்த பீரியட்டின் மேல் மூன்று வருஷமாகக் கண் வைத்திருந்தார். ஆசிரியர் அறையில், எல்லோர் காதிலும் விழும்படி, “டீச்சர், இடைவேளைல முறுக்கு விப்பீங்களா?” என்று கேட்டார். டீச்சர், சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். பாவம், அதில்தான் தப்புச் செய்தார்.

படம் இரண்டு மணி நாற்பது நிமிடம். பீரியட் நாற்பது நிமிடம். நான்கு துண்டாகப் போட்டால் கச்சிதமாக முடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஏ பிரிவு, புதன்கிழமை பி பிரிவு. இரண்டு வாரத்தில் இரண்டு பிரிவும் பாதிப் படம் பார்த்திருப்பார்கள், வெள்ளிக்கிழமை பரீட்சை. அட்டவணையில் ஒரு குறையும் இல்லை.

படம் போடும் அறை பழைய வேதியியல் சாமான் அறைதான். கறுப்புத் திரை, நாற்பத்தைந்து நாற்காலி, இன்னமும் போகாத ஒரு அமில வாடை. அதைக் கவனித்துக்கொள்பவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் ஒரு தியேட்டரில் படம் ஓட்டியவர். தியேட்டரை மூடிக் கல்யாண மண்டபமாக்கியதும் இங்கே வந்து சேர்ந்தார். பெட்டி பெட்டியாக ரீல் தூக்கிய கையில் டீச்சர் ஒரு விரல் நீளப் பென் டிரைவை வைத்ததும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மொத்தப் படமும் இதற்குள்ளா என்று கேட்டார். மொத்தமும் என்றார் டீச்சர்.

ஒவ்வொரு பிரிவுக்கும் முதல் நாள் டீச்சர் ஒரு முன்னுரை சொன்னார். இது நீங்கள் பார்க்கிற படம் மாதிரி இருக்காது, பாட்டு இல்லை, சண்டை இல்லை, பொறுமையாகப் பார்க்க வேண்டும், புரியாவிட்டாலும் பேசாமல் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். விளக்கை அணைத்ததும் வெளியே போய், கதவை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார். யாராவது கேட்டால், வெளியே சத்தம் வராமல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

உண்மை வேறு. அந்தப் படத்தை டீச்சர் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்த்தார். முதல் ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு கையால் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் கொஞ்சம் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு எழுந்து போய் அடுப்படியைத் துடைத்தார். மிச்சக் கதையை ஆசிரியர் கையேட்டில் நான்கு வரியில் படித்துக்கொண்டார். அந்த நான்கு வரியே அவருக்குத் தாங்கவில்லை.

பரீட்சைக் கேள்வி ஒன்றே ஒன்று. படத்தில் வரும் பதிவு அலுவலகக் குமாஸ்தா எப்படிப்பட்டவர்? காட்சிகளை ஆதாரம் காட்டி எழுதுக.

ஏ பிரிவில் நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு பேரும் குமாஸ்தாவை அருமையான மனிதர் என்று எழுதியிருந்தார்கள். குழந்தைகளுக்குப் பென்சில் சீவிக் கொடுப்பவர், எழுதத் தெரியாத விதவைக்கு மனு எழுதிக் கொடுப்பவர், ஒரு சின்னப் பெண்ணை அலுவலகப் பரணில் ஒளித்துவைத்து ரொட்டி கொடுத்துக் காப்பாற்றியவர். நாமும் படித்து அவரைப் போல ஒரு குமாஸ்தாவாக வரவேண்டும் என்று ஆறு பேர் முடித்திருந்தார்கள்.

பி பிரிவில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுத் தாளிலும் அவன் இவன் என்றுதான் எழுதியிருந்தது. கொலைகாரன். வீடு வீடாகப் போய், ஆற்றங்கரைக்காரர்கள் என்கிற இனத்தார் யார் யார் என்று பட்டியல் எடுத்தவன். கோர்ட்டில் நின்று, நான் எழுத மட்டும்தான் செய்தேன் என்றவன். ஒரு பெண்ணுக்குக் காசு கொடுத்துப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தவன்.

கோர்ட்டும் பரணும் படத்தின் பின்பாதியில் வருபவை என்று கையேட்டு நான்கு வரியில் இருந்தது. பிள்ளைகள் ஆர்வத்தில் முடிவுவரை எங்கேயோ தேடிப் பார்த்துவிட்டார்கள் என்று டீச்சர் முதலில் பெருமைப்பட்டார். பிறகுதான் ஏ பிரிவுத் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். பள்ளியிலேயே நன்றாகப் படிக்கிற நாற்பத்தொரு பேருக்கும் கொலைப் பட்டியல் எழுதியவரைப் பிடித்துப்போயிருக்கிறது.

தலைமையாசிரியை ஏ பிரிவுக் கட்டை மேசையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். கணக்கு சார்தான் சொன்னார். “போன வருஷம் ரெண்டு நன்மைதான் கிடைச்சுது. இந்த வருஷம் கதாநாயகனே கிடைச்சுட்டார்.” திங்கட்கிழமை முடிவு சொல்வதாகத் தலைமையாசிரியை எழுந்துவிட்டார். அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லாததிலேயே டீச்சருக்கு முடிவு தெரிந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரின் இன்னொரு கோடியில், ஒரு வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அவர் மகள் பத்தாம் வகுப்பு ஏ பிரிவு. கூடவே இருக்கும் தங்கையின் மகன் பி பிரிவு. இரண்டு பேரும் பேசிக்கொண்டால் அது சண்டையாகத்தான் இருக்கும் என்பதால் பள்ளிக்கூட விஷயம் வீட்டில் எடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அன்றைக்குப் பையன் அதை மீறினான்.

“மாமா, உங்க ஆபீஸ்ல இதுவரைக்கும் எத்தனை லிஸ்ட் எழுதியிருக்கீங்க?”

கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்றார் அவர், ஒரு பெருமையோடு.

“எதுக்குன்னு கேட்டுட்டு எழுதுவீங்களா, சும்மா எழுதிருவீங்களா?”

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. மகள் அப்பாவுக்காகப் பாய்ந்து வந்தாள். குமாஸ்தா என்றால் அப்படித்தானா, படத்தில் வருகிற குமாஸ்தா எவ்வளவு நல்லவர் என்றாள். நல்லவனா, அவனா என்றான் பையன். பரணில் வைத்துக் காப்பாற்றினாரே என்றாள் இவள். எந்தப் பரண் என்றான் அவன். கோர்ட்டில் அழுத பெண்ணே பொய்ச்சாட்சி என்றான். எந்தக் கோர்ட் என்றாள் இவள். உனக்குப் படமே புரியவில்லை, அதனால்தான் பி பிரிவில் போட்டுக் கீழ்மாடியில் உட்கார்த்தியிருக்கிறார்கள் என்று இவள் சொல்ல, அவன் தட்டோடு எழுந்துவிட்டான். பையனின் அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு உட்கார்த்தி, முதல் காட்சியிலிருந்து சொல்லச் சொன்னார். மகள் சொன்னதை இடப்பக்கமும் பையன் சொன்னதை வலப்பக்கமும் வரிசை எண் போட்டு எழுதினார். தலைப்பு அட்டை வந்ததா, வரவில்லையா என்பது வரை கேட்டார். பையனுக்குத் தலைப்பே வரவில்லை. உயர்ந்த படங்களுக்குத் தலைப்புப் போடமாட்டார்கள் என்று நினைத்ததாகச் சொன்னான். மகளுக்கு முதல் வாரம் குமாஸ்தா சிரித்துக்கொண்டிருந்தார், அடுத்த வாரம் ஊரே காலி. இடையில் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. புரியாவிட்டாலும் பேசாமல் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்களே, பார்த்தேன் என்றாள்.

எழுதி முடித்து அவர் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தார். இடப்பக்கம் பதினேழு காட்சி, வலப்பக்கம் பத்தொன்பது. ஒன்றுகூடப் பொதுவானது இல்லை.

திங்கட்கிழமை காலை அரை நாள் லீவு போட்டுவிட்டு, அந்தத் தாளோடும் இரண்டு பிள்ளைகளோடும் பள்ளிக்கு வந்துவிட்டார். தலைமையாசிரியையின் அறையில் அப்போதுதான் சரித்திர டீச்சரும் கணக்கு சாரும் முடிவைக் கேட்க நின்றுகொண்டிருந்தார்கள். அவர் தாளை மேசையில் விரித்து, தன் அலுவலகத்தில் ஒரே ஆளுக்கு இப்படி இரண்டு பதிவு வந்தால் இரண்டையும் நிறுத்திவைப்போம் என்று ஆரம்பித்து, நான்கு வரியில் விஷயத்தைச் சொன்னார்.

ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒன்றும் மறைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நாற்பதாவது நிமிஷம் மணி அடித்தது, நிறுத்தினேன். புதன்கிழமை நாற்பத்தோராவது நிமிஷத்திலிருந்து போட்டேன். அடுத்த செவ்வாய் அதற்கு அடுத்து. போன புதன்கிழமையோடு படம் சுபம்.

பி பிரிவு முதலிலிருந்து பார்க்க வேண்டாமா என்று கேட்டார் தலைமையாசிரியை.

“மேடம், முப்பது வருஷம் ஓட்டியிருக்கேன். விட்ட இடத்துலேர்ந்துதான் ஓட்டணும். இடைவேளைக்கு அப்புறம் உள்ள வர்றவன் யாரு, போறவன் யாருன்னு ஆபரேட்டர் எட்டிப் பார்க்கறதில்ல.” அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவரிடம் இருந்தது. “டீச்சர் அங்கதானே இருந்தாங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

எல்லோரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து நகராட்சிக் குமாஸ்தா, அவருக்கு இதெல்லாம் பெரிசில்லை, மகள் முகத்துக்காக ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும், கேட்டுவிட்டார். “டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. அந்த ஆளு நல்லவரா, கெட்டவரா?”

டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி விட்டார். மறுபடி சுற்றினார்.

“எனக்குத் தெரியாதுங்க. நான் முழுசாப் பார்க்கல. பார்க்க முடியல.”

ஆபரேட்டர், அதனால்தான் ஸ்டூலா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

தலைமையாசிரியை பேனாவை எடுத்தார். பீரியட் போகப்போகிறது என்பது பிள்ளைகளுக்கே தெரிந்தது. டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். போகட்டும், ஆனால் கடைசியாக ஒரு பீரியட், இன்றைக்கே, இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். படம் வேண்டாம். யார் எதைப் பார்த்தார்களோ அதைச் சொல்லட்டும். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் வேண்டாம் என்றார். தலைமையாசிரியை பேனாவை மூடிவிட்டு, பார்க்கலாம் என்றார். டீச்சருக்கு உயிர் வந்தது.

எழுபத்தொன்பது பேருக்கு அந்த அறையில் இடம் கிடையாது. ஏ பிரிவு நாற்காலியில் உட்கார்ந்ததால் பி பிரிவு சுவரோரம் நின்றது. யாரும் சொல்லாமல் தானாகவே அப்படி ஆயிற்று. தலைமையாசிரியை ஒரு நாற்காலியில், நகராட்சிக் குமாஸ்தா ஒன்றில். ஆபரேட்டர் வேலையில்லாத புரொஜக்டருக்குப் பக்கத்தில். கணக்கு சார் வாசலில் நின்றார், உள்ளே வந்ததாக ஆகக்கூடாது என்று.

முதல் துண்டை ஏ பிரிவு சொன்னது. ஏ பிரிவு எதையும் விடாமல் சொல்லும். குமாஸ்தாவின் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்தி, அதில்தான் பென்சில் சீவுவார். தெருவில் யாருக்கு முழங்கால் வலி, எந்த வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். மவுத் ஆர்கன் வாசிப்பார். வாசிக்கத் தெரியாது, இருந்தும் வாசிப்பார்.

இரண்டாவது துண்டை பி பிரிவு சொல்ல வேண்டும். தங்கை மகன் முன்னால் தள்ளப்பட்டான். ஒரு காகிதம் வருகிறது என்றான். ஆற்றங்கரைக்காரர்களை மட்டும் தனியாகப் பட்டியல் எடுக்கச் சொல்லி. குமாஸ்தா வீடு வீடாகப் போகிறான். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள். எங்கள் பாட்டி ஆற்றங்கரை, எங்கள் அம்மா பாதி ஆற்றங்கரை என்று அவர்களே எடுத்துச் சொல்கிறார்கள். அவன் அழகான கையெழுத்தில் எழுதிக்கொள்கிறான். ஒரு வீட்டில் மறைத்துவிட்டார்கள். இவனே ஞாபகம் வைத்து எழுதிவிட்டான்.

சொல்லிவிட்டுப் பையன் நிறுத்தினான். “எங்களுக்கு ஒண்ணுதான் புரியல டீச்சர். எல்லாரும் ஏன் கதவைத் திறந்தாங்க? அவனைப் பார்த்தா ஒருத்தருக்குக்கூட பயமே இல்ல.”

முன் வரிசையில் அவன் மாமா மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“அவருதான் பென்சில் சீவிக் குடுத்தவரு,” என்றாள். “அதனாலதான் திறந்தாங்க.”

டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாதிப் படத்தில் எழுந்து அடுப்படிக்குப் போனது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது துண்டை ஏ பிரிவு முன்னைப்போல் விவரமாகச் சொல்லவில்லை. லாரிகள் வந்தன, தெரு காலியானது, குமாஸ்தா ஒரு சின்னப் பெண்ணைப் பரணில் வைத்தார், அவ்வளவுதான் என்று முடித்தார்கள். பி பிரிவில் ஒரு சலசலப்பு. கோர்ட்டில் அழுதது அந்தப் பெண்தானா என்று ஒருத்தி கேட்டாள். அவள் பொய் சொல்லவில்லையா? நாங்கள் பொய்ச்சாட்சி என்றல்லவா எழுதினோம், பாவம். நான்காவது துண்டில் நீதிபதி பட்டியலை எடுத்துக் காட்டுகிறார், ஆயிரத்து இருநூற்றுப் பதினொரு பேர், எழுதியது நீதானே என்கிறார், எழுதினேன், ஒருத்தியைக் காப்பாற்றினேன் என்கிறான்.

“அப்போ எத்தனை பேர்?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஆயிரத்து இருநூற்றுப் பத்து,” என்றார் வாசலில் நின்ற கணக்கு சார். கழித்தல் என்றால் அவர் வாய் காத்திருக்காது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டது. கதவு நிலையில் கை வைத்துக்கொண்டு, யாராவது வேறு விடை சொல்லமாட்டார்களா என்பது போல அறையைப் பார்த்தார்.

தலைமையாசிரியை மெதுவாக, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது போலக் கேட்டார், இரண்டு வாரமாக இரண்டு பிரிவும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவே இல்லையா என்று.

“எப்படிப் பேசறது மேடம்?” என்றான் பையன். “அவங்க மேல, நாங்க கீழ. படிக்கட்டு வேற. சாப்பாட்டு மணி வேற.” குறை சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். தலைமையாசிரியை நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். அந்த மணி அட்டவணை அவர் கையால் எழுதியது.

பீரியட் முடிந்து மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை. மகளின் அப்பா தன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து நின்றார். கேட்க வந்த கேள்வி அப்படியே இருந்தது. அவள் அதை அவர் முகத்திலேயே பார்த்துவிட்டாள்.

“அப்பா, ரெண்டும் ஒரே ஆளுதான்பா.”

அவர் தலையாட்டிவிட்டு, மருமகன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனார். அந்த வாரம் மேலதிகாரி ஒரு பட்டியலைத் தயார் பண்ணச் சொன்னபோது இது எதற்கு என்று அவர் கேட்டாராம். தெருநாய்த் தடுப்பூசிக்கு என்று பதில் வந்ததாம். அப்படியென்றால் சரி என்று எழுதினாராம். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது என்று அந்த ஆபீஸில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பீரியட் சரித்திரத்துக்கே என்று தலைமையாசிரியை அன்று சாயங்காலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு வரி சேர்த்தார், படம் ஓடும்போது ஆசிரியர் அறைக்குள் இருக்க வேண்டும். இரண்டு பிரிவுக்கும் ஒரே சாப்பாட்டு மணி வைக்க முடியுமா என்று கணக்கு சாரிடம் கேட்டிருக்கிறார். அவர் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அந்த பீரியட்டை அவர் மறுபடி கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை எழுபத்தொன்பது பேரையும் இறைவணக்க மண்டபத்தில் தரையில் உட்காரவைத்து, முதலிலிருந்து போட்டார்கள். ஆபரேட்டருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. சுபம் போட்ட படத்தை அந்தக் கூட்டத்துக்கே மறுபடி ஓட்டுவது தொழில் தர்மம் ஆகாது என்று சொல்லிப் பார்த்தார். பிறகு ஸ்டூலைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, வெளியே அல்ல, முன் வரிசையில், நடுவில் போட்டார்.

டீச்சர் அதில் உட்கார்ந்தார். தலைப்பு வந்தது, பி பிரிவு கைதட்டியது. குமாஸ்தா பென்சில் சீவினார், மவுத் ஆர்கன் வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பீரியட் முடிந்தும் தலைமையாசிரியை மணி அடிக்க விடவில்லை. நாற்பத்தோராவது நிமிஷம் அந்தக் காகிதம் வந்தது. குமாஸ்தா முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சரின் கை தன்னால் மேலே எழும்பி முகத்துக்குப் போயிற்று.

பின்னாலிருந்து பி பிரிவுப் பையன் முன்னால் குனிந்து, ரகசியமாக, மரியாதையாகவே சொன்னான்.

“டீச்சர், கையை எடுங்க. நாங்க பார்த்தோம்ல.”

டீச்சர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் கதவு திறந்தது.